என் கையில் கிளவுஸ் இருந்தது, பேரன் இல்லை!



புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் மார்கழிக் குளிர் என்றால், விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக் கொள்வோம். கோலம் முடிந்து எழுந்திருப்பதற்குள் முந்தானை தோளுக்கு வந்துவிடும். அவ்வளவுதான் எங்கள் குளிர். பெரிதாகக் குளிராத கடற்கரை ஊர். இந்த ஊர்க்காரி குளிர்காலக் கையுறையைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். பட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

பாண்டிச்சேரி வீடுகளில் பாதிக்கு பிரான்சில் ஓர் உறவு இருக்கும். 1962-ல் இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ளலாம் என்று வாய்ப்பு கொடுத்தார்கள். என் மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நம் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அவர் அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். அந்த வழியில் என் மகள் இப்போது பாரீஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். 2022 டிசம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். நான் கிளம்பினேன்.

கிளம்பும்போது ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா எல்லாம் மூட்டை கட்டினேன். கைக்கு என்ன செய்வது? கடைக்குப் போய், இருப்பதிலேயே தடிமனாக எது இருக்கிறதோ அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். பைக் ஓட்டுகிற பிள்ளைகள் போடுவார்களே, மேலே ரெக்சின், உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, அதைக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன், கை பூரி மாதிரி உப்பிக் கொண்டது. எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து வாங்கினேன். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. கேட்டதைக் கொடுத்தார்.

அங்கே எனக்கு விதித்த வேலை, நாலரை வயதுப் பேரனைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது. சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கு அங்கே 'மத்தெர்னெல்' என்று பெயர். இருபது நிமிஷ நடை. ஜனவரியில் காலை எட்டே காலுக்குக்கூட அங்கே இருட்டு விலகியிருக்காது. மூன்று டிகிரி, நாலு டிகிரி என்று காட்டும். மூச்சு விட்டால் புகை.

முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. நடக்க ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உடம்பு சூடாகிவிடுகிறது. அந்தத் தடிக் கிளவுஸுக்குள் கை வேர்க்கிறது. பேரனுக்கு மூக்கு ஒழுகும், துடைக்க வேண்டும். சிக்னலில் பொத்தானை அழுத்த வேண்டும். அவன் ஜிப்பை ஏற்றி விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிளவுஸைக் கழற்றணும். வேர்த்த கை அந்தக் குளிரில் வெளியே வந்தால் எப்படி இருக்கும்? ஐஸ் தண்ணியில் விட்ட மாதிரி. மறுபடி மாட்டினால் உள்ளே பஞ்சு ஈரம். ஈரம் நம் சூட்டை உறிஞ்சிவிடும். குளிருக்குப் போட்டது குளிரைக் கையோடு கட்டி வைத்த மாதிரி ஆனது.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் ரேடியேட்டர் மேல் இரண்டு கையையும் வைப்பேன். ஆஹா, என்ன சுகம்! ஒரு வாரத்தில் விரலெல்லாம் சிவந்து, தடித்து, ராத்திரியில் அப்படி ஒரு அரிப்பு. பிறகுதான் தெரிந்தது, சில்லிட்ட கையைத் திடீரென்று அனலில் காட்டினால் இப்படி வரும் என்று. பிரெஞ்சில் 'ஆன்ஜெலூர்' என்கிறார்கள். கையை மெதுவாகத்தான் சூடேற வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் விரல் மரத்துப் போகிறவர்கள் ரேடியேட்டர் பக்கமே கையைக் கொண்டு போகாதீர்கள், சுடுவதே தெரியாது. குளிர் பட்டவுடன் விரல் வெள்ளை வெளேரென்று போகிறவர்களும் உண்டு. அவர்கள் கிளவுஸுக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.

அரிப்போடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமைக்கு முந்தின நாள். ரோட்டைக் கடக்க நிற்கிறோம். பேரன் கையை நான் பிடித்துக் கொண்டிருக்கிறேன். அவன் கையில் விரல் பிரிக்காத குழந்தைக் கையுறை, என் கையில் அந்த ரெக்சின் மெத்தை. எதிர்ப்பக்கம் அவன் கூடப் படிக்கிற பையன் போகிறான். இவன் ஏதோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. அடுத்து ஒரு கார் கிரீச்சென்று நின்ற சத்தம் கேட்டது. பார்க்கிறேன், குழந்தை ரோட்டில் நிற்கிறான். என் கையில் அவன் கிளவுஸ் மட்டும் இருக்கிறது. அவன் கை உருவிக் கொண்டு போனதே எனக்குத் தெரியவில்லை, சகோதரிகளே. அவ்வளவு தடிமன். பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே தெரியாத கையோடு ஒரு வாரமாக அந்தக் குழந்தையை நான் ரோட்டில் கூட்டிக் கொண்டு போயிருக்கிறேன்.

கார் ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். எனக்கு மொழி புரியவில்லை, அர்த்தம் புரிந்தது. மறுநாள் புதன், பள்ளி விடுமுறை. அன்று பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பச்சை உடம்புக்காரி மகளிடம் எப்படிச் சொல்வது?

கீழ்த்தளத்தில் ஒரு காரைக்கால் அம்மா இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்ச் சொல்லி அழுதேன். அவர் என் கிளவுஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது வண்டி ஓட்டுறவன் போடறது. அவன் உக்காந்த இடத்துல உக்காந்திருக்கான், காத்து மூஞ்சில அடிக்குது, அவனுக்குச் சரி. நீ நடக்கறே, குழந்தையைப் பிடிக்கறே, சில்லறை எண்றே. உனக்கு மெல்லிசுதான் வேணும். வா, வாங்கித் தர்றேன்."

அன்று அவர் கடையில் நின்று கற்றுக் கொடுத்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அவர் எடுத்துக் காட்டியது ஃப்ளீஸ் துணியில் தைத்த கையுறை. பிரெஞ்சில் 'பொலேர்'. தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். கம்பளி என்று நினைத்தேன், இல்லையாம், பாலியஸ்டர். நூலைப் பின்னி, மேலே பிரஷ் மாதிரி சீவிப் பஞ்சாகக் கிளப்பி விடுகிறார்கள். அந்தப் பஞ்சுக்கு நடுவே சிக்கிக் கொள்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இப்போது பார்க்கிற ஃப்ளீஸ் துணி 1979 வாக்கில் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலையில் உருவானது. 1995 டிசம்பரில் அந்த ஆலை எரிந்து போனபோது, முதலாளி ஆரன் ஃபோயர்ஸ்டீன் வேலையில்லாமல் நின்ற தொழிலாளிகளுக்கு மாதக் கணக்கில் சம்பளம் கொடுத்தாராம். (மாப்பிள்ளை சொன்னார். துணியை விட எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப் போனது.) பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கியும் இந்த நூலை எடுக்கிறார்கள். பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. அதனால் கை வேர்த்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். நாம் கையுறைக்குப் பருத்திதான் நல்லது என்று நினைப்போம். வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் குளிரில் நடக்கிறபோது பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக் கொண்டு காயவே காயாது.

அளவு பார்ப்பது எப்படி என்றால், தையல் டேப்பை எடுத்து வலது கையில், கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரலும் சேர்கிற இடத்தில் உள்ளங்கையைச் சுற்றி அளக்க வேண்டும். எனக்கு 19 சென்டிமீட்டர். கடையில் 7-ஆம் நம்பர் கொடுத்தார்கள். இது என்ன கணக்கு என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அங்குலமாம். ஒரு அங்குலம் 2.7 சென்டிமீட்டர், ஏழு அங்குலம் என்றால் 19. 1830-களில் கிரெனோபிள் ஊரில் சேவியர் ழுவேன் என்ற கையுறைக்காரர் கைகளை ஆராய்ந்து அளவுகளை வகுத்தார், அந்த நம்பர்தான் இன்னும் ஓடுகிறது. சில கம்பெனிகள் எஸ், எம், எல் என்று மட்டும் போடுவார்கள், அப்போது போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

போட்டுப் பார்க்கும்போது விரல் நுனியில் துணி தொளதொளவென்று நிற்கக் கூடாது. நின்றால் எதையும் எடுக்க முடியாது. இறுக்கியும் பிடிக்கக் கூடாது, ரத்த ஓட்டம் குறைந்தால் விரல் இன்னும் சில்லிடும். முஷ்டியை மூடித் திறந்து பாருங்கள். அக்கா என்னை அங்கேயே பர்ஸைத் திறந்து ஒரு காசை எடுக்கச் சொன்னார், ஸ்வெட்டர் ஜிப்பை இழுக்கச் சொன்னார். அப்புறம், "என் கையைப் பிடி" என்றார். பிடித்தேன். அவர் விரல் என் விரலுக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்ததாகப் பாருங்கள், ஃப்ளீஸ் வழுக்கும். ஆள்காட்டி விரலில் செல்போன் தொடுகிற மாதிரி தனி நூல் வைத்தும் வருகிறது. மணிக்கட்டுப் பட்டை ஸ்வெட்டர் கைக்குள் நுழைகிற நீளம் இருக்கணும், இல்லையென்றால் குளிர் அந்த இடைவெளியில்தான் புகும். நம் பெண்களுக்கு இன்னொரு சங்கடம், வளையல். கண்ணாடி வளையலின் மேல் பட்டையை இழுத்தால் உடைந்து மணிக்கட்டைக் கிழிக்கும். கல் வைத்த மோதிரம் உள்ளே பஞ்சில் மாட்டி இழுக்கும். நான் இரண்டு தங்க வளையலை மட்டும் மேலே தள்ளி விட்டுக் கொண்டேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஃப்ளீஸில் காற்று ஊடுருவும். வாயை வைத்து ஊதிப் பார்த்தால் கையில் தெரியும். காற்று அடிக்கிற நாளிலும் மழையிலும் அது மட்டும் போதாது. அதற்காக மேலே ஒரு மெல்லிய மழைக் கையுறையை ஒரு அளவு பெரியதாக வாங்கி வைத்துக் கொண்டேன். அடுப்பு வேலைக்குக் கண்டிப்பாகப் போடாதீர்கள். பாலியஸ்டர், தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அசையாமல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கும், பனி விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கும் கனமானதுதான் சரி. சின்னக் குழந்தைகளுக்கு விரல் பிரிக்காதது நல்லது, விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக் கொள்ளும். ஆனால் மணிக்கட்டில் பிடிப்பு இருக்க வேண்டும். பேரனுக்கு அப்படிப் பட்டை வைத்ததாக மாற்றினேன். அதோடு, ரோடு தாண்டும்போது கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்கவும் பழகிக் கொண்டேன்.

மார்ச் வரை அந்த நீல நிற ஃப்ளீஸோடு தினம் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ரயில் ஏறி லா ஷாப்பெல் பக்கம் தமிழ்க் கடைகளுக்குப் போய் முருங்கைக்காய் பொறுக்கினேன், கிளவுஸைக் கழற்றாமலே! விரல் அரிப்பு மெல்ல மெல்ல விட்டது.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஜனவரியில் போகிற சகோதரிகளுக்கும் இதே கதைதான். ஊட்டியில் உறைபனி விழுகிற காலை நேரத்தில் நடக்கக் கிளம்புகிறவர்களுக்கு மெல்லிய ஜோடி ஒன்று இருந்தால் நல்லது. துவைப்பது சுலபம். பச்சைத் தண்ணியில் கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல். மணத்துக்கும் மென்மைக்கும் போடுகிற திரவத்தைச் சேர்க்க வேண்டாம், பஞ்சு படிந்துவிடும். இஸ்திரியும் வேண்டாம்.

என்னுடையதை இப்போது எதிர் வீட்டு மருமகள் ஊட்டிக்கு வாங்கிப் போயிருக்கிறாள். ரோட்டில் நடந்ததை மகளிடம் இதுவரை சொல்லவில்லை. அவள் மாமியார் வீட்டில் இந்தப் பேப்பர்தான் வாங்குகிறார்கள். அதனால் இந்த ஞாயிறு அவள் போன் பண்ணும்போது நானே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

- ஒரு வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி.