கார் நிறுத்துமிடத்தில் “டமார்!” தப்பு யார் மேலே? பணம் யார் பையிலே?

“யோவ், கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கறே?”

“நான் பாதி வெளியே வந்தாச்சு சார்! நீங்கதான் ஹாரன்கூட அடிக்காம வந்து மாட்டிக்கிட்டீங்க!”

தியாகராயநகரில் பண்டிகை நாள் மாலையில் எந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாலும் காதில் விழும் வசனம் இது. ரிவர்ஸ் எடுத்தவர் ஒரு பாத்திரக்கடைக்காரர். புதுக் கார். பம்பர் பிளந்துவிட்டது. நடுப்பாதையில் வந்தவர் ஒரு ஆபீஸ் குமாஸ்தா. சின்னக் கார். கதவு ஒடுங்கிவிட்டது. இப்படி ஒரு மோதலை எடுத்துக்கொள்வோம்.

அஞ்சு நிமிஷத்தில் இருபது பேர் கூடிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு தீர்ப்பு! “பெரிய வண்டிக்காரர்தான் கொடுக்கணும்” என்பார் ஒருவர். “பின்னாடி வந்தவன் மேலதான் கேஸு” என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் கிடையாது.

பாதையில் போகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது ரிவர்ஸ் எடுப்பவர்தான். பின்னால் ஆபத்தில்லை என்று பார்த்துக்கொள்ளாமல் நகர்த்தக் கூடாது. ஆகவே கடைக்காரர் பக்கம்தான் பெரிய தப்பு. ஆனால் குமாஸ்தா அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் வந்திருந்தால்? செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருந்தால்? அப்போது தப்பு இரண்டு பங்காகும். கோர்ட்டும் அப்படித்தான் சதவீதம் போட்டுப் பிரிக்கும். இரண்டு பேருமே ரிவர்ஸில் வந்து முதுகோடு முதுகு முட்டிக்கொண்டால், இரண்டு பேர் மீதும்தான்! கோட்டுக்குள் ஒழுங்காக நின்ற வண்டியை வந்து இடித்தால் மட்டும் பேச்சே இல்லை. ஓட்டி வந்தவர்தான் பொறுப்பு.

“இது தனியார் இடம், சட்டமெல்லாம் ரோட்டுலதான்” என்று ஒருவர் கிளப்புவார். தப்பு! பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள இடமெல்லாம் “பொது இடம்” என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அங்கே இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

கம்பெனி தப்பைக் கேட்காது!

இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினார்களே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குமாஸ்தாவிடம் முழு பாலிசி இருந்தால், அவர் காரைச் சரிசெய்ய அவருடைய கம்பெனியே பணம் கொடுத்துவிடும். தப்பு யார் மேல் என்பது அந்தப் பணத்துக்குப் பிரச்சினையே இல்லை. கடைக்காரருக்கும் அப்படியே. தப்பு அவர் மேல் இருந்தாலும் அவருடைய பம்பருக்கு அவர் கம்பெனி கொடுக்கும். அவரவர் கம்பெனி அவரவர் காரைப் பார்த்துக்கொள்வதுதான் நடைமுறை.

அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? அங்கேதான் குமாஸ்தா வயிற்றில் அடி விழுகிறது!

ஒரு வருஷம் கிளைம் வாங்காவிட்டால் மறுவருஷப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அதுவே 25, 35, 45 என்று ஏறி, அஞ்சாவது வருஷம் 50 சதவீதம் ஆகும். சொந்தக் காரின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்துக்கு மட்டும்தான் இந்தத் தள்ளுபடி. அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். அஞ்சு வருஷம் கண்ணும் கருத்துமாக ஓட்டிய குமாஸ்தா 5,000 ரூபாய்தான் கட்டுகிறார்.

இப்போது ஒரு கிளைம் போட்டால் தள்ளுபடி பூஜ்யம்! அடுத்த வருஷம் முழு 10,000. அதற்கடுத்து 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி, பழைய இடத்துக்கு வருவதற்குள் அவர் கூடுதலாகக் கட்டியிருப்பது 12,500 ரூபாய்!

கதவு டிங்கரிங், பெயிண்டிங் பில் 6,000 ரூபாய் என்றால் அதில் கட்டாயக் கழிவு 1,000 போகும். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 2,000. பெயிண்ட் விலையில் பாதியையும் கழிப்பார்கள். கைக்கு நாலாயிரம் சொச்சம் வரும். அதற்காகப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை விடுவதா? தப்பே செய்யாதவருக்கு இந்தக் கதி! (தள்ளுபடியைக் காப்பாற்றத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் கணக்கு மாறும். பாலிசித் தாளைப் புரட்டிப் பாருங்கள்.)

குமாஸ்தாவிடம் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் கம்பெனியிடமிருந்து தம்பிடி வராது. கடைக்காரரின் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். 7½ லட்சம் ரூபாய் வரை அந்தப் பாலிசியில் இடமும் உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் போராட வேண்டிய இடம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் அது ஐகோர்ட்டு வளாகத்திலுள்ள சிறுவழக்குகள் கோர்ட்டு. போலீஸ் புகார், வக்கீல், வாய்தா! ஆறாயிரம் ரூபாய்க் கதவுக்கு யார் ஏறி இறங்குவார்கள்?

அதனால்தான் இந்த மாதிரிச் சின்னச் சண்டையெல்லாம் அங்கேயே ரொக்கத்தில் முடிகிறது. முடியட்டும். ஆனால் கையில் திணித்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. வண்டியை நகர்த்துவதற்கு முன் இரண்டு நம்பர் பிளேட்டும் தரைக்கோடும் தெரிய செல்போனில் படம் எடுக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் ரேட்டுக் கேட்க வேண்டும். தொகை, தேதி, வண்டி நம்பர் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் “என் பம்பருக்குள்ளே இன்னொண்ணும் உடைஞ்சிருக்கு” என்று போன் வரும்!

கடைக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை. “தப்பு என்னுதுதான், நான் கொடுத்துடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பணத்தைத் தன் கம்பெனியிடம் கேட்க முடியாது. கம்பெனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஒப்புக்கொள்ளவோ பணம் தரவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. சொந்தப் பையிலிருந்து கொடுப்பதென்றால்தான் அந்தப் பேச்சு.

மோதலில் யாருக்காவது காயம் என்றால் இந்தப் பேரமே கூடாது. முதலில் ஆஸ்பத்திரி. பிறகு 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷன்!

“உங்கள் பொறுப்பில் நிறுத்தவும்” என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே என்கிறீர்களா? டில்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் இதைச் சொல்லித்தான் வாதாடியது. சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டல் ஆளே நிறுத்திய கார் 1998-ல் திருடு போயிற்று. தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு அந்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் அது சாவியைக் கொடுத்தவர்கள் கதை. நம் இருவரும் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டல்லவா முட்டிக்கொண்டார்கள்!

கடைசியில் கடைக்காரர் பர்சைத் திறக்கிறார். குமாஸ்தா டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்குகிறார். டோக்கன் பையன் ஓடி வருகிறான்.

“சார், அதுல எழுதாதீங்க! ஒரு மணி நேரம் தாண்டிருச்சு. ரெண்டு பேருமே இன்னொரு டோக்கன் போடணும்!”