பொன்னாடையா? பொறுப்பா?



கோடை விடுமுறை என்றாலே நம் பங்குகளில் முகாம்களுக்குக் குறைவிருக்காது. பீடச்சிறுவர்களை அருவிக்கு அழைத்துச் செல்வோம். இளையோரை மலைக்குக் கூட்டிச் செல்வோம். சங்கரன்கோவில், கடையநல்லூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது. கருப்பாநதி அணையும் குற்றாலமும் வேனில் போய் மாலையே திரும்பிவிடும் தூரம்தான்.

சிறுவர் முகாம், சாரணர் இயக்கம், மலையேற்றம், மரம் நடுதல் போன்ற பணிகளைப் பல இடங்களில் சிறு அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்துகின்றன. அவற்றில் அறங்காவலராகவோ நிர்வாகக் குழு உறுப்பினராகவோ இருக்கும்படி நம்மில் சிலரைக் கேட்பதுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர் என்றால் நிச்சயம் கேட்பார்கள். "பெயர் மட்டும் கொடுங்கள் சார், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். நாமும் மகிழ்ந்து கையெழுத்திடுவோம். ஆண்டுவிழாவில் பொன்னாடையும் கிடைக்கும்.

ஆனால் அந்தக் கையெழுத்தின் பொருள் என்ன?

அறங்காவலர் என்பவர் அறத்தைக் காப்பவர். பொதுநோக்கத்திற்காகப் பிறர் கொடுத்ததை, தமக்கெனக் கொள்ளாமல், அந்த நோக்கத்திற்காகவே பயன்படுத்துபவர். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகக் கையாள்வாரோ அவ்வளவு கவனம் அறங்காவலரிடம் இருக்க வேண்டும் என்கிறது. பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் அவருக்கு ஊதியம் கேட்கும் உரிமை இல்லை. உடன் அறங்காவலர் செய்த தவறு தெரிந்தும் மறைத்தாலோ, உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்காவிட்டாலோ, பொறுப்பு அவர்மேலும் விழும். இச்சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கென எழுதப்பட்டதுதான். எனினும் பொது அறக்கட்டளை வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இக்கொள்கைகளை எடுத்துக்கொள்கின்றன.

நம் திருச்சபைச் சட்டமும் (எண் 1284) இதையே சொல்கிறது. திருச்சபையின் உடைமைகளை நிர்வகிப்போர் நல்ல குடும்பத் தலைவருக்குரிய அக்கறையோடு செயல்பட வேண்டும். ஆக, 'பெயருக்கு' அறங்காவலர் என்று ஒருவர் இருக்க முடியாது!

பணத்திற்கே இவ்வளவு கவனம் என்றால் உயிருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 மே 17 அன்று நமக்கு அருகிலுள்ள பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மலை உச்சியில் மழை கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடிக்கலாம். கோடையில் காய்ந்த புல்லில் பற்றும் தீ, சரிவில் மேல்நோக்கி மனிதரைவிட வேகமாக ஏறும். இயற்கை நமக்கு இறைவன் தந்த கொடை. ஆனால் கவனக்குறைவை அது பொறுத்துக்கொள்வதில்லை.

அறங்காவலர் மலை ஏறத் தேவையில்லை. ஆனால் ஏறுமுன் கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, அனுமதி. நம் மேற்கே உள்ள காடுகளில் பெரும்பகுதி 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக உள்ளது. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018இல் தமிழக அரசு தனி விதிகளும் வகுத்தது. எனவே 'வனத்துறையின் அனுமதிக் கடிதம் எங்கே?' என்று கேட்போம்.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. பெற்றோரின் ஒப்புதல் வாங்கியாயிற்றா? வலிப்பு, இளைப்பு உள்ள பிள்ளைகள் யார் யார்? முதலுதவி தெரிந்தவர் உடன் போகிறாரா? பிள்ளையோடு ஒரு பெரியவர் தனித்திருக்கும் நிலை வராமல் ஏற்பாடு உண்டா? பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கட்டளை. 'அமைப்பின் பெயர் கெட்டுவிடும்' என்று மூடிமறைப்பது குற்றம்.

மூன்றாவது, கணக்கு. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து உண்டா? ரசீதுகள் இருக்கின்றனவா? தணிக்கை நடந்ததா? எடுத்த முடிவுகள் தீர்மானப் புத்தகத்தில் ஏறினவா?

நான்காவதுதான் பலரும் கேட்க மறப்பது. வானிலை மோசமானால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? இதைச் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறோம். ஒருமுறை மலைமேல் மேகம் கறுத்திருப்பதைக் கண்டும் புறப்பட்டோம். வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் பையோடு வந்து நிற்கிறார்கள், எப்படித் திருப்பி அனுப்புவது என்ற தயக்கம். நல்லவேளை, எதுவும் நேரவில்லை. திரும்பி வந்தபின் வழிகாட்டியாக வந்த இளைஞர் மெல்லச் சொன்னார்: "வேண்டாம்னுதான் நினைச்சேன். பணம் போச்சேன்னு நீங்க திட்டுவீங்கன்னு பயந்தேன்."

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. அவருடைய பயத்திற்கு நாங்களே காரணம். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம்: ஆபத்து என்று வழிகாட்டி கருதினால் பயணம் நிற்கும், இழப்பைக் குழு ஏற்கும், அவரை யாரும் குறை சொல்லக்கூடாது. ஒரு குழு செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு இதுவே என இன்றும் நம்புகிறோம்.

இப்படியெல்லாம் கேட்டால் வம்பு பிடித்தவர் என்பார்களே என்று தயங்க வேண்டாம். 1985இல் கொடைக்கானலில் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழுவை எண்ணிப் பாருங்கள். விதிமீறிய ஓட்டல் கட்டடம் பற்றி அவர்கள் எழுப்பிய கேள்வி 1995இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கேள்வி கேட்ட தன்னார்வலர்களால்தான் அது நடந்தது.

எனவே அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள். கணக்குத் தெரிந்தவர், மருத்துவம் தெரிந்தவர், காட்டை அறிந்தவர், பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் எல்லாரும் இப்பணிக்குத் தேவை. ஆனால் கையெழுத்திடுமுன் அறக்கட்டளைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடைசி ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மாதம் ஓரிரு மாலைகளைத் தர முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்றால், நன்றி சொல்லி விலகுவதும் நேர்மையே.

பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுக் கையசைக்கும் பெற்றோர் நம்மை நம்பித்தான் வீடு திரும்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுதியுள்ள காவலர்களாக இருக்க முன்வருவோமா?