போடி கண்ட இரண்டு முதல்வர்கள், எல்லை தாண்டிய ஒரு வழக்கு

ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது போடிநாயக்கனூரின் ஓட்டுகளால்தான். 1989 ஜனவரித் தேர்தலில் சேவல் சின்னத்தில் இங்கே நின்று வென்றார். தமிழக சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். பின்னாளில் 2011, 2016, 2021 என மூன்று தேர்தல்களில் இதே தொகுதி ஓ. பன்னீர்செல்வத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏலக்காய் வணிகத்தால் பேர்பெற்ற இந்த மலையடிவார ஊர், முதல்வர் நாற்காலியில் அமர்ந்த இருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. இருவர் மீதும் லஞ்ச ஒழிப்புத் துறை சொத்துக் குவிப்பு வழக்குப் போட்டது. ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரை போனது. இன்னொன்று பாதி வழியிலேயே வாபஸ் ஆனது. ஏன் இந்த வித்தியாசம் என்று பார்த்தால், அரசியல் ஊழலைத் தண்டிக்க நம்மிடம் எது குறைகிறது என்பது தெரிந்துவிடும்.

ஜெயலலிதா மீதான வழக்கு 1991–96 ஆட்சிக்காலத்தைப் பற்றியது. 1996-ல் பதிவாகி, 1997-ல் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சென்னைத் தனி நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்தது. 2001-ல் ஆட்சி மாறி அதிமுக வந்தது. ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கும்படி அரசு வழக்கறிஞர் கேட்கவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசே குற்றம் சாட்டும் வழக்கறிஞரையும் வைத்திருந்தது என்பதுதான் இதன் சாரம். திமுகவின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது.

அந்த மாற்றம் இல்லையென்றால் இந்த வழக்கு சென்னையிலேயே செத்துப்போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெங்களூரிலும் அது வேகமாக நடக்கவில்லை. இன்னும் பதினோரு ஆண்டுகள் ஓடின. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை விழுந்தால் பதவி உடனே பறிபோகும் என்று லில்லி தாமஸ் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், அப்போது அவர் வகித்த முதல்வர் பதவி அன்றே போனது. இரண்டு நாளில் போடி எம்.எல்.ஏ. பன்னீர்செல்வம் அந்த இடத்துக்கு வந்தார்.

பிறகு மேல்முறையீடு. எல்லை தாண்டிய வழக்கிலும் தமிழக அரசின் கை நீண்டது. கீழ் நீதிமன்ற விசாரணையில் அரசு வழக்கறிஞராக இருந்த பவானி சிங்கை மேல்முறையீட்டிலும் அரசு வழக்கறிஞராகத் தமிழக அரசு நிறுத்தியது. அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் கடன் தொகைகளின் கூட்டல் 24.17 கோடி என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் டி குன்ஹாவின் தீர்ப்பை மீட்டெடுத்து, உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரையும் சிறைக்கு அனுப்பியது. முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போனது. பறிமுதலான 27 கிலோ நகைகளும் ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலப் பத்திரங்களும் தமிழக அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில். வழக்குப் பதிவாகி 29-ஆவது ஆண்டு அது.

பன்னீர்செல்வத்தின் வழக்கு இவ்வளவு தூரம் பயணிக்கவில்லை. 2001–06 காலத்தில் வருமானத்துக்கு மீறி 1.77 கோடி ரூபாய் சொத்து சேர்த்ததாக, 2006-ல் திமுக ஆட்சி வந்தபின் பதிவான வழக்கு அது. குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. 2011-ல் அதிமுக திரும்பியது. அதே துறை மேல்விசாரணை நடத்தி, முன்பு தான் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னது. அரசு வழக்கறிஞர் வாபஸ் மனு போட்டார். 2012 டிசம்பரில் சிவகங்கை நீதிமன்றம் சரி என்றது. ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து அதைக் கையிலெடுத்தார். 2024 அக்டோபரில் வாபஸை ரத்து செய்து, மதுரைத் தனி நீதிமன்றத்தில் விசாரணை நடத்தச் சொன்னார். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. பன்னீர்செல்வம் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். குற்றம் செய்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமை போடி வாக்காளருக்கு உண்டு. குற்றமற்றவர் என்றால் அதை விசாரணையில் நிரூபிக்கும் உரிமை அவருக்கும் உண்டு. வாபஸ் இரண்டையும் சேர்த்தே பறித்துவிட்டது.

இது ஒரு கட்சியின் நோய் இல்லை. 2021-ல் திமுக ஆட்சிக்கு வந்தபின் அமைச்சர்கள் தங்கம் தென்னரசு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் மீதான வழக்குகளிலும் அதே மேல்விசாரணை, அதே தலைகீழ் அறிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2024 ஆகஸ்டில் அதே நீதிபதி அதையும் ரத்து செய்தார். அதற்கும் உச்ச நீதிமன்றத் தடை வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியின்றி வாபஸ் பெறக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாபஸ் என்ற வாசல் அதோடு குறுகிவிட்டது. மேல்விசாரணை என்ற வாசல் திறந்தே இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், விசாரணை தொடங்கியபின் மேல்விசாரணைக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான், போதாது. மேல்விசாரணை செய்யும் அதிகாரியை இடமாற்றம் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தானே அறிக்கையும் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குச் சட்டம் எழுதத் தெரியாமல் இல்லை. முதல்வரையும் அமைச்சர்களையும்கூட விசாரிக்க 1973-ல் கலைஞர் ஆட்சி ஒரு சட்டம் நிறைவேற்றியது. 1977-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதை ரத்து செய்தது. பின்பு 2018 வரை லோக் ஆயுக்தா சட்டம்கூட நமக்கு இல்லை.

சிங்கப்பூரில் நம் தமிழர் ஒருவரின் வழக்கைப் பாருங்கள். போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் 2023 ஜூலையில் கைதானார். 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு, பதவி விலகல். அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறை. பதினைந்து மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவர் பெற்றவை கார் பந்தய டிக்கெட்டுகள், நாடக டிக்கெட்டுகள், மது, ஒரு சைக்கிள் போன்றவை. மொத்த மதிப்பு சுமார் நான்கு லட்சம் சிங்கப்பூர் டாலர். அங்கும் ஊழல் விசாரணை அமைப்பு பிரதமருக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் பிரதமர் ஒரு விசாரணைக்குச் சம்மதிக்க மறுத்தால், அதன் இயக்குநர் நேரே அதிபரின் ஒப்புதலைப் பெற்று விசாரிக்கலாம் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் புகுத்திய 17ஏ பிரிவோ, பதவியில் எடுத்த முடிவு பற்றிய புகாரை விசாரிக்கத் தொடங்கவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது.

போடியில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின் ஏலத்தில் ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வியாபாரிகளின் கைக்கு வருகிறது, விலை எல்லோர் கண்முன் திரையில் ஏறுகிறது. ஒரு ஊழல் வழக்கு கைவிடப்படுவதும் அதே வெளிச்சத்தில் நடக்கட்டும். முதல் அறிக்கையும் இரண்டாவது அறிக்கையும் அருகருகே வைத்துப் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். புகார் கொடுத்தவரின் வாதத்தை உயர் நீதிமன்றம் கேட்க வேண்டும். அரசு வழக்கறிஞரை உயர் நீதிமன்றமே நியமிக்க வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரை முதல்வர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் தேர்ந்தெடுத்து, நிலையான பதவிக்காலம் தர வேண்டும். தண்டனை ஆண்டுகளைக் கூட்டுவதைவிட இவை முக்கியம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஏழு, பத்து ஆண்டுச் சிறை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வழக்குகள்தான் குறைவு.

முதல்வர்களின் தொகுதி என்று பேர் வாங்கிய இந்த ஊரிலிருந்து, விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களின் வரிப்பணமும் அந்த 29 ஆண்டு வழக்கில் செலவாகியிருக்கிறது. குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஓட்டு இயந்திரம் குதிரை முதுகில் போன தேர்தல்கள் உண்டு. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு அங்கே ஏறி வருகிறவர் எந்தக் கட்சியானாலும், சாலை எப்போது வரும் என்பதோடு இதையும் கேளுங்கள்: லஞ்ச ஒழிப்புத் துறையை உங்கள் தலைவரின் கையிலிருந்து விடுவிக்கும் சட்டத்தை, ஆட்சிக்கு வந்த முதல் கூட்டத்தொடரிலேயே கொண்டு வருவீர்களா?