வெறும் அசதியா, தைராய்டா? எப்போது இரத்தம் சோதிக்க வேண்டும்?

காலையில் எழும்போதே அசதி. தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண் சொக்கும். ஏர்கோன் அறையில் மற்றவர்கள் சாதாரணமாக வேலை செய்ய, இவருக்கு மட்டும் சுவெட்டர் வேண்டும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. வீட்டில் சொன்னால், "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். தோட்டத்திலும் பட்டணத்திலும் நாற்பதை நெருங்கும் பெண்கள் பலர் இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். பிறகு வேறு எதற்கோ கிளினிக் போன இடத்தில் தைராய்டு என்று தெரிய வருகிறது.

தைராய்டு என்பது நோயின் பெயர் அல்ல. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி அது. உடம்பின் எல்லா வேலையும் எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்பதை அதன் ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. சுரப்பு குறைந்தால் உடம்பு மந்தமாகும்; கூடினால் பதறும். ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களிடம்தான் பல மடங்கு அதிகம்.

சுரப்பு குறைந்தவர்களுக்கு அசதியோடு மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, மறதி, மனச்சோர்வு ஆகியவை மெல்ல மெல்லச் சேரும். மெல்லச் சேர்வதால்தான் யாரும் கவனிப்பதில்லை. கொலஸ்ட்ரால் திடீரென்று ஏறுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். சுரப்பு கூடினால் நிலைமை நேர்மாறு: நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்வை ஊற்றும், அடிக்கடி வயிறு போகும். சிலருக்குக் கண்கள் பிதுங்கித் தெரியும். வயதானவர்களிடம் இத்தனையும் தெரியாமல், இதயத் துடிப்பு தாறுமாறாவது மட்டுமே அடையாளமாக இருப்பதும் உண்டு.

எடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் பெரும் பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். இருபது கிலோ கூடியதற்கு முழுப் பழியையும் தைராய்டின் மீது போட முடியாது. அதேபோல அசதி என்றாலே தைராய்டு என்றும் முடிவு கட்ட வேண்டாம். இரத்தச் சோகை, இனிப்பு நீர், தூக்கமின்மை எல்லாமே இதே முகத்தோடுதான் வரும்.

கழுத்தை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, முகத்தைச் சற்று உயர்த்தி, ஒரு வாய் தண்ணீரை விழுங்க வேண்டும். விழுங்கும்போது கீழ்க்கழுத்தில் ஏதாவது கட்டி மேலேறி இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமம் இருந்தாலோ தள்ளிப் போடக் கூடாது.

மேலே சொன்னவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்து சில வாரங்களாக நீடித்தால் சோதிப்பதே நல்லது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு இருந்தால் இன்னும் சீக்கிரம். பிள்ளை பெற்ற சில மாதங்களுக்குள் அளவு மீறிய அசதியோ படபடப்போ வந்தால், 'பத்தியம் சரியில்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு இந்தச் சுரப்பி தடுமாறுவது உண்டு. கருத்தரிக்கத் தாமதமாகிறவர்களும், அடிக்கடி கரு கலைகிறவர்களும் கேட்டுப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வயிற்றிலுள்ள குழந்தையின் சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுபவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் அதை நிறுத்தவே கூடாது. பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், அடுத்த அப்பாயின்மெண்ட் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"போன மாசம்தான் எல்லா இரத்தமும் எடுத்தாங்க" என்று சிலர் சொல்வார்கள். இனிப்பு நீருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் எடுக்கும் இரத்தத்தில் தைராய்டு சோதனை சேர்ந்தே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குரிய முதல் சோதனை டிஎஸ்எச், தேவைப்பட்டால் டி4. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். "அசதியாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மாதமாக, கூடவே என்னென்ன, குடும்பத்தில் யாருக்கு என்று சொன்னால்தான் மருத்துவருக்குச் சோதனை எழுதிக் கொடுக்கக் காரணம் கிடைக்கும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அது சோதனை அளவைக் குழப்பிவிடும்.

குறைவு என்று உறுதியானால் கொடுக்கப்படும் லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். நம்மவர்கள் இடறுவது இங்கேதான். எழுந்ததும் கோப்பி, கோப்பியோடு மாத்திரை. அப்படிச் சாப்பிட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. கோப்பிக்கும் பசியாறலுக்கும் குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடியும் இரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் சொந்தமாக நிறுத்துவதும், பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து.

மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டால் கழுத்தில் கழலை வரும் என்று ஜப்பான் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அயோடின் இல்லாத சாப்பாட்டில் தினமும் மரவள்ளியே உணவானால் சுரப்பி பாதிக்கப்படும். நன்றாக வேகவைத்து எப்போதாவது சாப்பிடுவதால் பயமில்லை. 2020 முதல் நாடு முழுவதும் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம். அதற்கு மேல் அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று வாங்கி விழுங்கினால், சிலருக்குச் சுரப்பி இன்னும் கெட்டுப்போகும்.

சுரப்பு கூடியதற்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்கிற்கோ மருத்துவமனைக்கோ போய், இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லி வெள்ளை அணுக்களைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.