டொமைன் பெயர்: குத்தகைதாரருக்கு என்ன பாதுகாப்பு?

டொமைன் பெயரை யாரும் முழு உரிமையோடு வாங்கிவிட முடியாது. அதிகபட்சம் பத்து ஆண்டுக்குக் குத்தகைக்குத்தான் எடுக்க முடியும். அதைப் பதிந்து தரும் முகவர் நிறுவனங்கள் ஏராளம். அவற்றுக்கிடையே போட்டியும் கடுமை. ஆனால் அவற்றுக்கு மேலே ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரே ஒரு பதிவகம்தான். டாட் காம் என்றால் வெரிசைன். எந்த முகவரிடம் போனாலும் மொத்த விலைக் கட்டணம் அங்கேதான் சேரும். போட்டி இல்லாத அந்த மேல்தட்டில் நம்மைக் காப்பது, விலை வரம்பும் உடைமை மாற்றத்தின் மீதான கட்டுப்பாடும் மட்டுமே.

இரண்டும் தளர்ந்தால் என்ன நேரும் என்பதை டாட் ஆர்க் காட்டியது. இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் பெரும்பாலும் எதிர்த்தும், 2019 ஜூனில் டாட் ஆர்க்கின் விலை வரம்பை நீக்கியது. நவம்பரில் அதன் பதிவகத்தை ஈத்தோஸ் கேப்பிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கும் திட்டம் வெளியானது. தொண்டு நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. கலிபோர்னியா அட்டர்னி ஜெனரலும் ஆட்சேபித்தார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகேன் அனுமதி மறுத்தது.

பின்னொட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, விலை ஏறினால் வேறொன்றுக்கு மாறலாமே என்பார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது சரி. பல ஆண்டு புழங்கிய முகவரியைக் கைவிட்டால், அதை வேறொருவர் பதிந்து, நமக்கு வரும் மின்னஞ்சலைப் பெறவும் நம் பெயரில் ஏமாற்றவும் முடியும். ஆண்டுக்குச் சில டாலர்தானே என்பது இன்னொரு வாதம். அது சில டாலராகவே நிற்பதற்கு வரம்பும் ஒரு காரணம்: 2012 முதல் 7.85 டாலரில் கட்டுண்டிருந்த டாட் காம் மொத்த விலை, 2018-இல் வரம்பு தளர்த்தப்பட்டபின் படிப்படியாக ஏறி 2024 செப்டம்பரில் 10.26 ஆனது.

குத்தகைதாரர் செய்யக்கூடியவை உண்டு. பதிவு, இணையதளம் வடிவமைத்தவர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருக்கட்டும். பதிந்து 60 நாள் கழிந்தபின் வேறு முகவருக்கு மாறலாம். அதற்கான ரகசியக் குறியீட்டைக் கேட்டால் இப்போதைய முகவர் ஐந்து நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் ஐகேனிடம் புகார் செய்யலாம். டாட் காம் விலையேற்றத்துக்கு ஆறு மாத முன்னறிவிப்பு கட்டாயம்; அதற்குள் பழைய மொத்த விலையிலேயே நீட்டித்துக்கொள்ள வழியுண்டு. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி. அங்கே விதிகள் தனி.

ஆனால் இவை சுமையைத் தள்ளிப்போடும், விதியை மாற்றாது. டாட் ஆர்க் ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது. விலை வரம்பைக் காக்கத் தவறிய பொதுக்குரல், விற்பனையைத் தடுக்க உதவியது. அடுத்த ஒப்பந்தத்தில் வரம்பைத் திரும்பக் கேட்கும் குரல் அதற்கு முன்பே எழ வேண்டும்.