ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விலை?

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 2,600 வெள்ளி. கணவர் லாரி ஓட்டுகிறார். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மூத்தவன் கல்லூரிக்குப் போனபோது வரவையும் செலவையும் எழுதிப் பார்த்தோம். மாதம் 250 வெள்ளி துண்டு விழுந்தது.

பட்டர்வொர்த் வட்டாரத்தில் வார இறுதியில் சும்மா இருப்பவர்கள் குறைவு. வெள்ளிக்கிழமை வரை இயந்திரத்தின் முன் நிற்பவர், சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் மேடை அலங்காரம் செய்வார். ஒருவர் உறுமி மேளக் குழுவில் இருப்பார், இன்னொருவர் இரவுச் சந்தையில் கடை போடுவார், வேறொருவர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். யாரைக் கேட்டாலும் மாதம் எவ்வளவு கிடைக்கிறது என்று சொல்வார்கள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் நானே அதைக் கேட்காமல்தான் ஆரம்பித்தேன்.

இடியப்பக் கணக்கு

எனக்கு நன்றாக வருவது இடியப்பம். ஞாயிறு காலையில் 80 பொட்டலம், ஒன்று 2 வெள்ளி 50 சென். மொத்தம் 200 வெள்ளி. அரிசி மாவு, தேங்காய், சிவப்புச் சீனி, கேஸ், பொட்டலத் தாள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 95 வெள்ளி. கையில் நின்றது 105 வெள்ளி. மாதம் 400-க்கு மேல் வருகிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

இரண்டு மாதம் கழித்துத்தான் நேரத்தை எழுதிப் பார்த்தேன். சனிக்கிழமை சாமான் வாங்கி எல்லாம் தயார் செய்ய 3 மணி நேரம். ஞாயிறு விடியற்காலை 3 மணியிலிருந்து விற்று, பாத்திரம் கழுவி முடிக்க 8 மணி நேரம். கணவரின் ஒத்தாசை 4 மணி நேரம். ஆக 15 மணி நேரம். 105-ஐ 15-ஆல் வகுத்தால் 7 வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் மணிக்கூலியே 8 வெள்ளி 72 சென். என் வீட்டு அடுப்படியில் நானே முதலாளியாக இருந்து, எனக்கே குறைந்த கூலி கொடுத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒரு திங்கட்கிழமை நடந்தது. ஒரு பில்லில் 6,300 என்பதை 3,600 என்று பதிந்துவிட்டேன். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தரும் பாடம். அன்று மாலை 2,700 வெள்ளி இடித்தபோது அதுகூட எனக்குத் தோன்றவில்லை. மேலாளர்தான் கண்டுபிடித்தார். திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. 105 வெள்ளிக்காக 2,600 வெள்ளியை ஆட்டிப் பார்க்கிறோமே என்று தோன்றியது.

தம்பியின் மோட்டார்

அதே சமயத்தில் என் தம்பி உணவு விநியோகத்தில் இறங்கினான். அவனுக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்ட். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தீவுக்குப் போய் ஓட்டுவான். 2019 ஜனவரி முதல் பினாங்கு பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. "செலவே இல்ல அக்கா, பெட்ரோல் மட்டும்தான்" என்பான். டயர், எண்ணெய், பிரேக் தேய்மானம் எதையும் அவன் எழுதி வைக்கவில்லை. தூக்கத்தை எழுதி வைக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிறு இரவு கடைசி உணவைக் கொடுத்துவிட்டுத் திரும்புகையில், பாலத்தைக் கடந்து பிறைப் பக்கம் வந்ததும் கண் அசந்துவிட்டான். காறை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது தெய்வச் செயல். ஏழு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவ விடுப்பு தீர்ந்த பிறகு சம்பளம் நின்றது. ஓ.டி.யும் வருகைப் படியும் அதற்கு முன்பே போய்விட்டன. ஐந்து மாதம் ஓட்டிச் சேர்த்தது அந்த ஏழு வாரத்தில் கரைந்தது.

சொக்சோ இருக்கிறதே என்று நம்பியிருந்தான். தொழிற்சாலையில் பிடிக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு அந்த வேலைக்கும், அங்கே போய்வரும் வழிக்கும் உரியது. இன்னொரு வேலையில் நடக்கும் விபத்து அதில் சேராது. அதற்குத்தான் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு என்று இருந்ததை 2020-இல் உணவு விநியோகம் செய்பவர்கள், அங்காடிக்காரர்கள் போன்றவர்களுக்கும் விரித்தார்கள். தம்பி அதில் சந்தா கட்டவே இல்லை.

"டபுள்" என்ற பேச்சு

வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, என் தொழிற்சாலையிலேயே ஞாயிறு வேலை கேட்கலாம் என்றார் கணவர். "டபுள் சம்பளம்" என்பது பொதுவான பேச்சு. தினச் சம்பளக்காரருக்கு அது சரி. மாதச் சம்பளக்காரருக்கு ஓய்வு நாளின் சம்பளம் ஏற்கெனவே மாதச் சம்பளத்துக்குள் இருக்கிறது. ஆகவே முழு நாள் வேலை செய்தால் மேலும் ஒரு நாள் சம்பளம், அரை நாள் செய்தால் அரை நாள் சம்பளம். வழக்கமான நேரத்தைத் தாண்டினால்தான் மணிக்கணக்கில் இரட்டிப்பு. 2,600-ஐ 26-ஆல் வகுத்தால் 100 வெள்ளி. மணிக்கு 12 வெள்ளி 50 சென். இடியப்பத்தைவிட மேல்தான். ஆனால் சரக்கு எண்ணும் ஞாயிறுகளில் மட்டுமே எங்கள் பிரிவுக்கு வேலை இருக்கும். அதை நம்பி மாதச் செலவைப் போட முடியாது.

கையில் இருந்த தொழில்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் வரிக் கணக்குக் கட்ட ஒவ்வோர் ஆண்டும் ரசீதுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அலைவார். சனிக்கிழமை காலையில் 4 மணி நேரம் வந்து கணக்கை எழுதித் தருகிறேன், 60 வெள்ளி கொடுங்கள் என்றேன். உடனே சரி என்றார். மணிக்கு 15 வெள்ளி. நடந்து போகும் தூரம். முதல் போட வேண்டியதில்லை. பகல் வேலை, மதியத்துக்குள் வீடு.

அதற்கு முன் என் நியமனக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். வெளிவேலைக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 14 ஆண்டுகளாக என் கண்ணில் படாத வரி. மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். போட்டி நிறுவனமாக இருக்கக் கூடாது, அலுவலக நேரத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. அரசு ஊழியர்களுக்கு இந்த அனுமதி நியமனக் கடிதத்தில் மட்டுமல்ல, 1993-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிமுறைகளிலேயே இருக்கிறது.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

பக்க வேலை தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக் கூடியவை இவை.

கிடைக்கும் தொகையில் எல்லாச் செலவையும் கழியுங்கள். மீதியை, தயார் செய்யும் நேரம், போய்வரும் நேரம், வீட்டார் உதவும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து வகுங்கள். 8 வெள்ளி 72 சென்னுக்குக் கீழே வந்தால் இன்னொரு முறை யோசியுங்கள்.

உணவு விற்பவர்கள் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் எடுத்திருக்க வேண்டும். செபராங் பிறை மாநகர் மன்றத்தின் உரிமமும் தேவை. சொந்த வியாபாரம் என்றால் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60 வெள்ளி.

வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் பக்க வருமானத்தையும் காட்ட வேண்டும். சம்பளம் மட்டும் என்றால் பி.இ. பாரம், ஏப்ரல் 30. வியாபார வருமானமும் சேர்ந்தால் பி பாரம், ஜூன் 30.

வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்பவரிடமும், உங்கள் வங்கிக் கணக்கை இரவல் கேட்பவரிடமும் போகாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 997-க்கு அழையுங்கள்.

கடைசியாக, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு சட்டம் கொடுத்த உரிமை. வார வேலை நேரத்தை 2023-இல் 48-லிருந்து 45 ஆகக் குறைத்ததும் சட்டம்தான். அந்த ஓய்வை நாமாகத்தான் விற்கிறோம். இடியப்பம் விற்ற நாட்களில் என் சின்ன மகள் ஒருமுறை சொன்னாள்: "அம்மா, ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருந்தாலும் தூங்கிக்கிட்டேதான் இருக்கீங்க."

இப்போது ஞாயிறு எங்களுடையது. தம்பி சந்தா கட்டிவிட்டு, சனிக்கிழமை பகலில் மட்டும் ஓட்டுகிறான். ஞாயிறு பசியாற எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். கடைக் கணக்கில் மாதம் 240 வெள்ளி வருகிறது. இன்னும் 10 வெள்ளி இடிக்கிறது. அதைச் செலவில் குறைத்துக்கொண்டோம்.