சதுர அடிக்கு 22 ரூபா மிச்சம் பண்ணி 3.2 லட்சம் விட்டோம்: குடோன் கூரைக்கு ஷீட் எப்படி தேர்ந்தெடுக்கறது?



"சார், ஊர்ல அப்பா பேர்ல 15 சென்ட் இடம் சும்மா கிடக்கு. ஒரு ஷெட் போட்டு குடோனா வாடகைக்கு விட்டா சம்பளத்தோட இன்னொரு வருமானம் வருமே?" நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. நல்ல யோசனைதான். ஆனா இறங்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்ததைக் கேட்டுக்கோங்க. இதுல தப்பு பண்ணது வேற யாரும் இல்ல, ஆடிட்டரான நான்தான்.

2018-ல அப்பா ரிட்டயர் ஆனார். வந்த பணத்துல ஒரு பகுதியைப் போட்டு, பல்லடம் பக்கத்துல இருந்த எங்க இடத்துல 3,000 சதுர அடிக்கு குடோன் கட்டினோம். கூரைக்கு மூணு கொட்டேஷன் வந்துச்சு. நான் எக்ஸெல்ல போட்டுப் பார்த்தேன். ஒண்ணு சதுர அடி 80 ரூபா, இன்னொண்ணு 58 ரூபா. "எல்லாம் கலர் ஷீட்தானேப்பா, எதுக்கு 22 ரூபா கூட தரணும்?"னு சொன்னேன். சரிவு, வெளி நீட்டல் எல்லாம் சேர்த்து கூரை 3,300 சதுர அடி. மிச்சம் 72,600 ரூபா. "நீதான் கணக்குப் படிச்சவன், நீ சொன்னா சரி"ன்னு அப்பா கையெழுத்துப் போட்டார்.

2024 ஐப்பசி மழையில கூரை ஒழுகுச்சு. உள்ள இருந்தது பனியன் கம்பெனிக்குப் போக வேண்டிய நூல் மூட்டைங்க. வாடகைக்கு இருந்தவர் சண்டை எல்லாம் போடல. "தம்பி, உங்க மேல கோவம் இல்லீங்க. ஆனா என் சரக்கை நனைய விட முடியாதுங்க"ன்னு சொல்லிட்டு நவம்பர் கடைசியில காலி பண்ணிட்டார்.

பில் எவ்வளவு ஆச்சு?

- டிசம்பர்ல இருந்து மார்ச் வரை காலி: 30,000 × 4 = 1,20,000
- நனைஞ்ச நூலுக்கு நாங்க கொடுத்தது: 35,000
- மோசமான ஒரு பக்கச் சரிவைக் கழட்டி புதுசா போட்டது: 1,650 சதுர அடி × 100 = 1,65,000
- மொத்தம்: 3,20,000 ரூபா

மிச்சம் பண்ண 72,600-ஐ 7% வட்டிக்கு 6 வருஷம் எஃப்டில போட்டிருந்தாலும் சுமார் 1,09,000 தான் ஆகியிருக்கும். அப்படியும் 2 லட்சத்துக்கு மேல நஷ்டம்.

அப்போ எனக்குத் தெரியாம, இப்போ தெரிஞ்சுக்கிட்ட விஷயங்களை வரிசையா சொல்றேன்.

1. தடிமன்: எந்த 0.50?

ஷீட்டுக்கு ரெண்டு தடிமன் இருக்கு. பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்த மொத்தத் தடிமன் ஒண்ணு. உள்ள இருக்கற வெறும் இரும்போட தடிமன் இன்னொண்ணு, இதை பிஎம்டின்னு சொல்வாங்க. எல்லாம் சேர்த்து 0.50 எம்எம் ஷீட்ல இரும்பு சுமார் 0.43 எம்எம் தான் இருக்கும். ஒருத்தர் 0.50-ன்னு பிஎம்டியைச் சொல்றார், இன்னொருத்தர் மொத்தத்தைச் சொல்றார்னா அந்த ரெண்டு விலையையும் ஒப்பிடவே கூடாது. நாங்க வாங்கினது மொத்தமே 0.35. ஸ்க்ரூ முடுக்க ஆள் ஏறி நடந்தாலே நெளிஞ்சது.

2. பூச்சு: துருவைத் தடுக்கறது பெயின்ட் இல்ல

கலரைப் பார்த்து ஏமாறாதீங்க. இரும்பைக் காப்பாத்தறது பெயின்டுக்கு அடியில இருக்கற உலோகப் பூச்சு. ஜிஐ ஷீட்ல அது துத்தநாகம். கால்வல்யூம்ல 55% அலுமினியம், 43.4% துத்தநாகம், 1.6% சிலிக்கான். பொதுவா கூரைக்கு கால்வல்யூம் அதிக நாள் தாங்கும். அதுலயும் அளவு முக்கியம். ஏஇசட் 150-ன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு. ஏஇசட் 70-ன்னா பாதிக்கும் குறைவு. ரெண்டும் பார்க்க ஒரே நீலமாத்தான் இருக்கும்! பெயின்ட் அடிச்ச கால்வல்யூமுக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 15965. அதை பில்லுல எழுதச் சொல்லுங்க.

சுத்தி என்ன இருக்குன்னும் பாருங்க. எங்க ஷெட்டுக்குப் பக்கத்துல சாயப்பட்டறை பாய்லர். அந்தப் புகை படற பக்கம்தான் முதல்ல போச்சு. தூத்துக்குடி, சென்னை மாதிரி கடலோரம்னா உப்புக் காத்துக்கு இன்னும் கனமான பூச்சு, இல்லேன்னா அலுமினிய ஷீட்டே யோசிக்கலாம்.

3. ஸ்க்ரூ: சின்னச் செலவு, பெரிய ஓட்டை

எங்க கூரை முதல்ல ஒழுகினது ஸ்க்ரூ ஓட்டையில. ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கற வாஷர் வெயில் தாங்கற ஈபிடிஎம் ரப்பரா இருக்கணும். சாதா ரப்பர் நம்ம ஊர் வெயிலுக்கு வெடிச்சிடும். ரொம்ப முடுக்கினாலும் வாஷர் நசுங்கி தண்ணி இறங்கும். ஷீட்டை கிரைண்டர் வச்சு அறுத்தா சூட்டுல பூச்சு எரிஞ்சு, அந்த ஓரத்துல இருந்து துரு ஆரம்பிக்கும். துளை போட்ட இரும்புத் தூளை அன்னிக்கே கூட்டித் தள்ளணும். இதெல்லாம் பைசா செலவில்லாத வேலை. ஆனா வேலை நடக்கிறப்போ நீங்களோ அப்பாவோ அங்க நிக்கணும்.

சரிவும் கேளுங்க. ஸ்க்ரூ போடற ஷீட்டுக்கு 10 அடிக்கு 1 அடி சரிவாவது வேணும். அதுக்குக் கம்மின்னா ஷீட் சேர்ற இடத்துல தண்ணி நிக்கும். ட்ரஸ்ஸும் பர்லினும் மட்டும் ஃபேப்ரிகேட்டர் அனுபவத்தை நம்பி விடாதீங்க. காத்து பலத்துக்கு இன்ஜினியர்கிட்ட டிசைன் வாங்குங்க.

4. சூடு: வாடகையை முடிவு பண்றது இதுதான்

மே மாசம் மதியம் வெறும் ஷீட்டுக்கு அடியில யாரும் நின்னு வேலை செய்ய முடியாது. வெறும் சரக்கு வைக்கறதுக்குன்னா வெள்ளை கலர் ஷீட், காத்தாடி வென்டிலேட்டர் போதும். ஆளுங்க உக்காந்து தைக்கற யூனிட், பேக்கிங், ஷோரூம்னா ஷீட்டுக்கு அடியில 50 எம்எம் கிளாஸ் வூல், இல்லேன்னா பஃப் பேனல் பாருங்க. பஃப் விலை கூட. அதனால யாருக்கு வாடகைக்கு விடப் போறோம்னு முடிவு பண்ணிட்டு கூரையை முடிவு பண்ணுங்க. நாங்க தலைகீழா பண்ணினோம்.

5. கொட்டேஷன்ல ஒளிஞ்சிருக்கற 7%

ஷீட்டோட முழு அகலம் 1,070 எம்எம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறினப்புறம் மூடறது 1,000 எம்எம்னு வைங்க. முழு அகலத்துக்கு விலை சொன்னா, நீங்க மூடற ஒவ்வொரு அடிக்கும் 7% கூட கொடுக்கறீங்க. "மூடற அகலத்துக்கு ரேட் என்ன? 18% ஜிஎஸ்டி சேர்த்தா? ஏத்துக்கூலி, ஸ்க்ரூ, ரிட்ஜ் சேர்த்தா?"ன்னு கேட்டு எல்லாரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வாங்க.

6. வரி: இதை எந்த ஃபேப்ரிகேட்டரும் சொல்ல மாட்டார்

ஷெட்டை வாடகைக்கு மட்டும் விட்டா, பொதுவா அது வீட்டுச் சொத்து வருமானம்ங்கற தலைப்புல வரும். வாடகையில கட்டின சொத்து வரியைக் கழிச்சு, மீதியில 30% கழிவு கிடைக்கும். ரிப்பேர் பண்ணாலும் 30%, பண்ணலேன்னாலும் அதே 30%. கூரை மாத்தின செலவைத் தனியா கழிக்க முடியாது. தேய்மானமும் கிடையாது. எங்களுக்கு அந்த வருஷம் 8 மாச வாடகை 2,40,000. சொத்து வரியை விட்டுட்டுப் பார்த்தா கழிவு 72,000. கூரைக்கு மட்டும் செலவு 1,65,000! ஆக, மட்டமான கூரையோட செலவு முழுக்க உங்க பாக்கெட்டுல இருந்துதான் போகும். அதே ஷெட்ல சொந்தத் தொழில் பண்ணா கணக்கே வேற. அங்க ரிப்பேரைச் செலவாக் காட்டலாம்.

இன்னொண்ணு. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி மிச்சம் சார்"னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. பில் இல்லேன்னா வாரன்டி இல்ல. நாளைக்கு இடத்தை விக்கறப்போ கட்டடச் செலவைக் காட்டி மூலதன ஆதாய வரியைக் குறைக்கவும் ஆதாரம் இருக்காது.

கடைசியா ஒரு கணக்கு

சதுர அடி விலையை, உழைக்கிற வருஷத்தால வகுத்துப் பாருங்க. எங்க 58 ரூபா ஷீட் 6 வருஷத்துல போச்சு. வருஷத்துக்கு சுமார் 9.70 ரூபா. 80 ரூபா ஷீட் எட்டரை வருஷம் தாண்டியிருந்தாலே அதைவிட மலிவு. காலியா கிடந்த நாலு மாசத்தைச் சேர்க்காமலே!

இப்போ புது ஆள் வந்திருக்கார். ஒரு பக்கச் சரிவு ஏஇசட் 150. இன்னொரு பக்கம் பழைய ஷீட்டே, ஸ்க்ரூ மட்டும் மாத்தியிருக்கோம். மழைக்கு முன்னாடி அதையும் மாத்தணும்னு அப்பாகிட்ட சொன்னேன். "இந்த தடவை கொட்டேஷனை நானும் படிக்கறேன்டா"ன்னார். நீங்களும் உங்க அப்பாவோட சேர்ந்து உக்காந்து படிங்க.